பும்பா பிரித்த காற்றும் ஹாம்லெட்டும்

‘தி லயன் கிங்’ படம் ஹாம்லெட்டின் காட்டுப் பதிப்பு என்று யாராவது ஆரம்பித்தால், உடனே நான் கேட்பேன்: “மூணாவது பாகம் பார்த்தீங்களா?” பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். பாவம், அவர்கள் மீது தப்பில்லை. 2004-இல் வந்த ‘தி லயன் கிங் 1½’ அமெரிக்காவில் தியேட்டரை எட்டிப் பார்க்காமல் நேரே டிவிடியில் இறங்கிய படம். பெயரே அரைகுறை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நாடக மேடையிடம் கைமாற்று வாங்கிய கார்ட்டூன் படங்களில் இவ்வளவு குறும்பான ஒன்றை நான் பார்த்ததே இல்லை!

1994-இல் வந்த முதல் படம் ஹாம்லெட்டிடம் கடன் வாங்கியது ஊரறிந்த கதை. அண்ணனைத் தீர்த்துக்கட்டி அரியணை ஏறும் தம்பி, செத்த அப்பன் ஆவியாக வந்து உசுப்பிவிடும் மகன். எனக்கு இதில் பிடித்தது இன்னொன்று. படத்தில் கொலையாகும் அண்ணன் சிங்கம் முஃபாசாவுக்கு இடிமுழக்கக் குரல் தந்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், 1972-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க் திறந்தவெளி அரங்கில் ஹாம்லெட் நாடகத்தில் நடித்தவர். என்ன வேடம் தெரியுமா? அண்ணனைக் கொன்ற கிளாடியஸ்! அங்கே கொன்றவர் இங்கே தம்பி கையால் சாகிறார்.

சரி, அந்த அரைகுறைக்கு வருவோம். ஹாம்லெட்டில் ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன் என்று இரண்டு எடுபிடிகள் உண்டு. ஓரமாக வந்து, ஓரமாகவே செத்துப்போகிறவர்கள். டாம் ஸ்டாப்பர்ட் அவர்களைப் பிடித்து நடுமேடையில் நிறுத்தி ஒரு நாடகம் எழுதினார். 1966-இல் எடின்பரோவில் அரங்கேறியது. ஹாம்லெட் கதை முழுக்க ஓரத்தில் நடக்கும். இவர்களோ என்ன ஏதென்று விளங்காமல் நாணயம் சுண்டிக்கொண்டிருப்பார்கள். முதல் படத்தில் ஓரத்துக் கோமாளிகளாக வந்த டிமோனும் பும்பாவும் 1½ படத்தில் இருப்பது அதே இடத்தில்தான்.

முதல் படத்தின் தொடக்கத்தில், முஃபாசாவின் மகன் குட்டி சிம்பாவைப் பாறை மேல் தூக்கிக் காட்டியதும் விலங்குகள் எல்லாம் மண்டியிடுமே, மயிர்க்கூச்செறிய வைக்கும் அந்தக் காட்சி? கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட பும்பா பயத்தில் காற்றைப் பிரித்துவிட, பக்கத்தில் நின்றவை மயங்கிச் சரிகின்றன. அதைப் பார்த்து, வணங்குகிறார்கள் போலிருக்கிறது என்று மற்றவையும் குனிகின்றன! சோபாவிலிருந்து உருண்டு விழாத குறைதான். ஒரு மகா காவியத் தருணத்தை இப்படிக் கவிழ்க்க எவ்வளவு தில் வேண்டும்!

இதில் ஸ்டாப்பர்டையும் ஒரு படி தாண்டிவிட்டார்கள் என்பேன். அவருடைய இருவருக்குக் கதையின் மேல் ஒரு பிடியும் கிடையாது. எழுதி வைத்தபடி சாக வேண்டியதுதான். டிமோனும் பும்பாவுமோ தியேட்டர் இருட்டில் உட்கார்ந்து, கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு தங்கள் படத்தைத் தாங்களே ஓட்டிப் பார்க்கிறார்கள். முன்னால் ஓட்டு என்கிறது ஒன்று, முதலிலிருந்து போடு என்கிறது இன்னொன்று.

இடையில் 1998-இல் வந்த இரண்டாம் பாகம் ‘சிம்பாஸ் பிரைட்’ ரோமியோ ஜூலியட்டை அப்படியே சிங்கங்களுக்கு மாட்டிவிட்டது. பார்க்கலாம், பாதகமில்லை.

அதே காதல் கதையை 2011-இல் ‘க்னோமியோ அண்ட் ஜூலியட்’ தோட்டத்துப் பொம்மைகளை வைத்து எடுத்ததே, அது வேறு ரகம்! இங்கிலாந்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஒரு தோட்டத்தில் சிவப்புத் தொப்பி பொம்மைகள், மறுபக்கம் நீலத் தொப்பிகள். பூங்காவில் ஷேக்ஸ்பியரே சிலையாக நிற்கிறார். குரல் பேட்ரிக் ஸ்டூவர்ட். 2008-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் ஹாம்லெட்டில் இவரும் கிளாடியஸ்தான். இந்தக் கதை எனக்குத் தெரியும், முடிவில் இருவரும் செத்துப்போவார்கள் என்று சிலை அசராமல் சொல்ல, ஒரு முழம்கூட உயரமில்லாத க்னோமியோ அண்ணாந்து பார்த்து, இதென்ன கேவலமான முடிவு என்று அவரிடமே சண்டைக்குப் போகிறான்.