பாதி வாசிக்கப்படும் ஒப்பந்தம்

மறைநூலில் ஒரு வசனத்தை மட்டும் பிரித்தெடுத்து வாதிடுவோரை நாம் ஏற்பதில்லை. 1970இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தையும் அவ்வாறே முழுமையாக வாசித்தல் வேண்டும். அமைதிப் பயன்பாட்டுக்கான அணுசக்தி எல்லா நாடுகளின் உரிமை எனும் நான்காம் பிரிவையே ஈரான் எடுத்துக்காட்டுகிறது. அவ்வுரிமையோ ஆயுதம் செய்யாமை, கண்காணிப்புக்கு உட்படுதல் ஆகிய கடமைகளோடு பிணைந்தது. மின் உலைகளுக்குப் பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகச் செறிவூட்டிய யுரேனியமே போதும். ஈரானோ 2021இல் 60 விழுக்காட்டை எட்டியது. உலகின் அச்சம் ஆதாரமற்றதன்று.

ஆயினும், அவ்வச்சத்தை உரக்கச் சொல்லும் வல்லரசுகள் ஆறாம் பிரிவை ஏன் மெல்லக் கடந்து செல்கின்றன? ஆயுதக் களைவுக்காக நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்தும் கடமையை அது அவற்றின்மேலும் சுமத்துகிறதே! ஈரானின் செறிவூட்டலை 3.67 விழுக்காட்டுக்குள் அடக்கிய 2015ஆம் ஆண்டு வியன்னா உடன்பாட்டிலிருந்து 2018இல் அமெரிக்காவே விலகியது. 2025 ஜூனில் அந்நாடும், பரவல் தடை ஒப்பந்தத்தில் சேராத இஸ்ரேலும் ஈரானின் அணு நிலையங்கள்மீது குண்டு வீசின.

அணு ஆயுதங்களை வைத்திருப்பதுகூட அறத்துக்கு மாறானது என்று 2019இல் ஹிரோஷிமாவில் திருத்தந்தை பிரான்சிஸ் உரைத்தார். பிறர் கடமையை வாசிக்கும் அதே குரலில் தம் கடமையையும் வாசிப்போரின் சொல்லையே உலகம் நம்பும்.