‘கூடிய விரைவில்’ என்றால் எத்தனை நாள்? – ஆளுநரும் 200-வது பிரிவும்

ஆளுநர்–மசோதா சண்டையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆளைத் திட்டுகிறார்கள், இல்லையென்றால் ஆளைக் காப்பாற்றுகிறார்கள். நான் ஆளை விட்டுவிட்டு வாசகத்தைப் படித்தேன். அரசியல் சட்டத்தின் 200-வது பிரிவு பாதியில் நிறுத்திய புரோகிராம் மாதிரி இருக்கு என்பதுதான் என் விமர்சனம். ஆளுநர் ‘சரி’ என்றால் என்ன, ‘வேண்டாம்’ என்றால் என்ன என்று சொல்கிறது. பதிலே வரலைன்னா என்ன என்று சொல்லவில்லை.

அமெரிக்காவை எடுத்துக்குவோம். அதிபருக்கு ஞாயிறு நீங்கலாக 10 நாள். மறுத்துத் திருப்பி அனுப்பினால் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அதை மீறலாம். பேசாமல் இருந்தால் மசோதா தானே சட்டமாகிவிடும். அந்த 10 நாளுக்குள் காங்கிரஸ் அவை கலைந்துபோய், திருப்பி அனுப்ப வழி இல்லாவிட்டால் மட்டும் மசோதா செத்துவிடும். எப்படிப் போனாலும் ஒரு முடிவு உண்டு.

நம்ம ஊர் விதி காகிதத்தில் இன்னும் சுலபம். ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவைப் பேரவை சாதாரணப் பெரும்பான்மையில் மீண்டும் நிறைவேற்றினாலே போதும், அவர் ஒப்புதலை மறுக்கக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கெல்லாம் தேவையில்லை. ஆனால் அந்த அதிகாரம் மசோதா திரும்பி வந்தால்தான் வேலை செய்யும். மேசை டிராயரில் கிடக்கும் மசோதாவை எந்தப் பெரும்பான்மையும் மீற முடியாது.

இது ஒரு கட்சியின் பிரச்சினை இல்லை என்பதற்கு எங்க ஊர்க்காரர்களுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. எடப்பாடி தொகுதியின் பழனிசாமி முதல்வராக இருந்தபோது, 2020 செப்டம்பர் 15-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள்ஒதுக்கீடு தரும் மசோதா நிறைவேறியது. கலந்தாய்வு நெருங்கியும் கையெழுத்து வரவில்லை. அக்டோபர் 29-ல் அரசு அரசாணையே போட்டுவிட்டது. மறுநாள் ஒப்புதல் வந்தது. 45 நாள். ஒரு பிள்ளையின் மருத்துவ சீட்டு அந்த 45 நாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் அரசாணை உதவாது. ஏற்கெனவே இருக்கும் பல்கலைக்கழகச் சட்டத்தை அரசாணையால் திருத்த முடியாது. அதனால்தான் அடுத்த சண்டை நீண்டது. 2020 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை நிறைவேறிய 10 மசோதாக்களுக்கு, 2023 நவம்பர் 13-ல் ஆளுநர் ரவி ஒப்புதலை நிறுத்திவைத்தார். அதில் இரண்டு அதிமுக ஆட்சியில் நிறைவேறியவை! நவம்பர் 18-ல் பேரவை பத்தையும் மீண்டும் நிறைவேற்றியது. பத்து நாள் கழித்து, நவம்பர் 28-ல், அவர் பத்தையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார்.

இது இரண்டாவது ஓட்டை. குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பி, பேரவை ஆறு மாதத்துக்குள் மறுபடி நிறைவேற்றினாலும், அவர் ஒப்புதல் தந்தே ஆகணும் என்று 201-வது பிரிவு சொல்லவில்லை. மீறும் அதிகாரம் அங்கே மறைந்துவிடுகிறது.

2025 ஏப்ரல் 8-ல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இந்த ஓட்டைகளை அடைத்தது. ஒன்று முதல் மூன்று மாதம் வரை கெடு விதித்தது, பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே அறிவித்தது. நோயைச் சரியாகக் கண்டுபிடித்த தீர்ப்பு. ஆனால் வாசகத்தில் இல்லாத எண்களை நீதிமன்றம் எழுதலாமா? நவம்பர் 20-ல், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் அளித்த பதில்: கூடாது. கெடுவும் இல்லை, ‘ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதும்’ இல்லை. ஆளுநர் பேரவைக்குத் திருப்பி அனுப்பாமல் சும்மா நிறுத்திவைக்கவும் கூடாது. நீண்டகாலம் காரணமில்லாமல் கிடப்பில் போட்டால், முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

சட்ட வாசகத்தை வைத்துப் பார்த்தால் இரண்டாவது பதில் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் பயன் குறைவு. ‘நீண்டகாலம்’ என்றால் எவ்வளவு? ஒவ்வொரு மசோதாவுக்கும் டெல்லிக்கு வக்கீல் வைத்துத்தான் அதைத் தெரிஞ்சுக்கணுமா?

பழைய வரைவைப் பார்த்தால் வேடிக்கை. குடியரசுத் தலைவருக்கான இணைப் பிரிவில் ‘ஆறு வாரத்துக்குள்’ என்றுதான் முதலில் இருந்தது. 1949 மே மாதம் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தில் அது ‘கூடிய விரைவில்’ ஆனது. காமத் அப்போதே எதிர்த்தார். 200-வது பிரிவிலும் இன்று அதே சொல்தான் இருக்கிறது.

கெடு வைத்தால் அவசரத்தில் மோசமான சட்டம் வந்துவிடும் என்பார்கள். அதை ரத்து செய்ய நீதிமன்றம் இருக்கு. கிடப்பில் கிடப்பதை எதிர்த்து வாக்களிக்கத்தான் ஒரு அவையும் இல்லை. திருத்த வேண்டியது நாடாளுமன்றம். ஒரு எண், அந்த எண் தாண்டினால் என்ன ஆகும் என்ற ஒரு வரி, அவ்வளவுதான். எண் எவ்வளவு என்று வேண்டுமானால் சண்டை போடுவோம்.