கோழிக்கூண்டிலிருந்து ஒரு வாசிப்பு: கிங்சோல்வரின் காங்கோ நாவல்

புலம்பெயர் இலக்கியம் என்றவுடன் பிழைப்புத் தேடிச் சென்றோரையே நாம் எண்ணுகின்றோம். வசதியோடு சென்று, வசதியோடு தங்கி, வேண்டியபோது திரும்பக்கூடிய குடும்பங்களும் அயல்நாடுகளில் வாழ்கின்றன. அத்தகைய குடும்பம் தன் சலுகையைத் தானே காண்பது எப்போது? அமெரிக்க எழுத்தாளர் பார்பரா கிங்சோல்வர் 1998இல் வெளியிட்ட 'தி பாய்சன்வுட் பைபிள்' என்னும் நாவலை இவ்வினாவோடு அணுகுவது பயன்தரும். மருத்துவப் பணிக்குச் சென்ற பெற்றோருடன் சிறுமியாகக் காங்கோவில் வாழ்ந்தவர் அவர்.

கதை 1959இல் தொடங்குகின்றது. பாப்டிஸ்ட் போதகர் நேத்தன் பிரைஸ், மனைவி ஒர்லியானாவுடனும் நான்கு மகள்களுடனும் ஜார்ஜியாவிலிருந்து பெல்ஜியக் காங்கோவின் கிலாங்கா என்னும் சிற்றூருக்கு வருகிறார். விமானத்தில் ஆளுக்கு 44 பவுண்டு எடைக்கே அனுமதி. எஞ்சியவற்றை உடைக்குள் மறைத்து, ஆடைமேல் ஆடை உடுத்தி வந்திறங்குகின்றனர். கொண்டுவந்த கேக் மாவு ஈரக்காற்றில் கல்லாக இறுகிவிடுகின்றது. நேத்தன் விதைத்த செடிகள் தழைக்கின்றன, காய்ப்பதில்லை. அவற்றின் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் பூச்சி அம்மண்ணில் இல்லை. பின்பகுதியில் லேயாவின் வாய்வழி வரும் அரசியல் விளக்கங்களைவிட இச்சிறு பொருள்களே நாவலின் கருத்தைத் திறம்படச் சுமக்கின்றன என்பது நம் மதிப்பீடு.

1960 ஜூன் 30இல் காங்கோ விடுதலை பெறுகின்றது. வெளியேறுமாறு எச்சரிக்கப்பட்டும் நேத்தன் மறுக்கிறார். மறுப்பதற்கும் ஒரு வாய்ப்பு இருக்க வேண்டுமன்றோ? கிலாங்கா மக்களுக்கு அது இல்லை. உதவித்தொகை நின்றபின், தீயில் கால்களை இழந்து கைகளால் ஊர்ந்து செல்லும் மாமா முவான்சா இக்குடும்பத்திற்காக இரங்குகிறாள். கொடுக்க வந்தவர்கள் பெறுபவர்களாகும் இவ்விடம் நாவலின் உண்மையான திருப்பம். மூத்த மகள் ரேச்சலோ இறுதிவரை எதையும் கற்பதில்லை. பிரஸாவில் அருகே விடுதி நடத்தி நிம்மதியாக வாழ்கிறாள். அயல்நாட்டு வாழ்வு தானாகவே கண்திறந்துவிடும் என்னும் நம்பிக்கையை ஆசிரியர் அவள்வழி மறுப்பது துணிவான செயல்.

எனினும் நமக்கு ஒரு குறை உண்டு. கதை சொல்வோர் ஐவர், தாயும் மகள்களும். காங்கோ மக்களுள் ஒருவருக்கும் அவ்வாய்ப்பு இல்லை. பிறர் குரலைத் தாமே பேசிவிடாத நேர்மை இது என வாதிடலாம். அதில் நியாயமும் உண்டு. ஆயினும் வீட்டுவேலை செய்யும் சிறுவன் நெல்சன் கோழிக்கூண்டில் உறங்குபவன். அங்குப் பாம்பு வைக்கப்படும் என அஞ்சி, வீட்டினுள் படுக்க இடம் கேட்கிறான். அதை மூடநம்பிக்கை என்று கூறி நேத்தன் மறுக்கிறார். மறுநாட்காலை அப்பாம்பு கடித்துக் கடைக்குட்டி ரூத் மே இறக்கிறாள். அதன் பின்னரே ஒர்லியானா கணவரைத் துறந்து நடக்கிறாள். அவள் குற்றவுணர்வு நாவல் முழுதும் ஒலிக்கின்றது.

நம் முன்னோருள் பலர் தோட்டத்துரையின் பங்களாவில் அடுக்களைப் பக்கம் நின்றவர்கள். ஆதலின் நாம் கூண்டுப்பக்கம் சாய்ந்து வாசிப்பது இயல்பே. (இன்று நம் வீடுகளிலும் அயல்நாட்டுப் பணிப்பெண்கள் இருக்கின்றனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.) ஒர்லியானாவின் துயரை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கதவு மறுக்கப்பட்ட அவ்விரவில் நெல்சன் என்ன நினைத்தான் என்பதற்கு இந்நாவலில் ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை.