வஞ்சியில் கேட்டவளும் கலியாணத்தில் பேசியவரும்

மணிமேகலையின் 27ஆம் காதையாகிய ‘சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை’யை வறண்ட தருக்கமென்று ஒதுக்குவோர் உளர். அளவைவாதியின் பேச்சு மிக நெடியது. வைணவவாதிக்கோ சாத்தனார் ஓரிரு அடிகளே ஈந்தார். இதனை நடுவுநிலை என நாம் கொள்வதற்கில்லை.

ஆயினும் அக்காதையின் உயிர் வாதங்களில் இல்லை. கேட்பவளின் கோலத்தில் உள்ளது. இளம்பெண் என்று கண்டால் எவரும் தம் சமயப்பொருளை உரைக்கமாட்டார் எனக் கந்திற்பாவை முன்னரே எச்சரித்திருந்தது. ஆதலின் மணிமேகலை மாதவன் வடிவில் வஞ்சி மாநகரின் சமயவாதியரை அணுகுகிறாள். பெரும்பாலும் மறுமொழியின்றியே கேட்டு அகல்கிறாள். காட்சியளவை ஒன்றையே ஏற்கும் பூதவாதியிடம் மட்டும், தாய் தந்தையரைக் கருதலளவையால் அன்றி எவ்வாறு அறிந்தாய் என்று வினவி மடக்குகிறாள். கேட்டவள் பெண்ணென்று தெரிந்திருப்பின் அவன் அவ்வினாவுக்குச் செவிசாய்த்திருப்பானா?

நாம் குடியேறி வாழும் இக்கன்னட நாட்டின் அனுபவ மண்டபம் இங்கு நினைவுக்கு வருகிறது. 12ஆம் நூற்றாண்டில், பசவண்ணர் வாழ்ந்த கலியாண நகரில் அடியார்கள் கூடி மெய்ப்பொருள் ஆராய்ந்த அவை அது. (அதன் வரலாற்றுண்மை பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு.) பிற்காலத்துச் ‘சூன்யசம்பாதனை’ காட்டும் அவையில், அல்லமப்பிரபு கடுமையாக வினவ, அக்கமகாதேவி பெண்ணாகவே நின்று விடை பகர்கிறார். சாத்தனார் தம் தலைவிக்கு அளிக்காத உரிமை அது.

பெங்களூரில் வளரும் நம் பெண்மக்களுக்கு அக்கமகாதேவியைக் கன்னட வகுப்பு அறிமுகம் செய்துவிடும். மணிமேகலையை நம் இல்லங்களில் நாமே காட்டுதல் வேண்டும். காட்டினால், அவர்கள் நம்மிடம் முதலில் கேட்பது அந்த மாற்றுக்கோலத்தைப் பற்றியதாகவே இருக்கும்.