ஓடி ஓடி நிற்கும் கார்

பழைய காருக்கு வரும் வியாதிகளுள் மனிதனைப் பெரிதும் வதைப்பது, அது அடியோடு நின்றுபோவதன்று. நடுவழியில் நின்று, பத்து நிமிஷம் இளைப்பாறி, ஒன்றுமே நடவாததுபோல் மறுபடி ஓடத் தொடங்குவதே ஆகும். பெட்ரோல் ஒரு சமயம் வந்தும் ஒரு சமயம் வாராமலும் கார்புரேட்டரை ஏமாற்றும் இந்தக் கோளாறை, ஒரே ஆங்கிலேய வம்சத்துக் கார்களை வைத்துக்கொண்டே, யாழ்ப்பாணத்தார் ஒருவிதமாகவும் சென்னையார் வேறுவிதமாகவும் பரிகரிப்பதை நான் அருகிருந்து கண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் முதலிய கார்கள் இன்றும் ஓடுகின்றன. 1990-க்குப் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல் கிடைத்தற்கரிய வஸ்துவாகிவிட, சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெட்ரோலைக் கொண்டு யந்திரத்தை உயிர்ப்பித்து, அது நன்றாகச் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வித்தையை அங்குள்ளோர் கற்றனர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாதாதலால் குளிர்ந்த யந்திரம் அதில் கிளம்பாது. பஞ்சிகாவத்தையிலே உதிரிப்பாகம் குவிந்து கிடந்தாலும் அது கொழும்பிலல்லவா கிடந்தது? ஆகவே எந்தப் பாகத்தையும் கழற்றி எறியுமுன், எண்ணெய் எங்கே தடைப்படுகிறது என்று பெட்ரோல் தாங்கியிலிருந்து வரிசையாகத் தேடிவருவது அவர்களுடைய சுபாவமாயிற்று.

ஒருமுறை பருத்தித்துறை வீதியில் எங்கள் ஏ40 மூன்றாந்தடவையாக நின்றபோது, வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் பானட்டைத் தொடவேயில்லை. பின்புறம் சென்று தாங்கியின் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே புகும் ஓசை கேட்டது. "மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஓடிப் பாரும் தம்பி" என்றார். பெட்ரோல் குறையக் குறைய அவ்விடத்துக்குக் காற்றுச் செல்லவேண்டிய மூடித்துவாரம் அடைபட்டிருந்ததால், உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பின் இழுப்பைத் தாங்கியே எதிர்த்து நின்றிருக்கிறது. மொரிஸ் மைனராயின் அவர் முதலில் செவியைத்தான் கொடுப்பார்: சாவியைத் திருப்பியதும் அதன் மின்சாரப் பம்பு டக் டக்கென்று அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் ஓயவேண்டும்; ஓயாமல் விரைந்து அடித்தால் எங்கோ காற்று புகுகிறது அல்லது தாங்கி வறண்டிருக்கிறது, அடிக்கவே இல்லையென்றால் அதன் மின்தொடுமுனைகள் கருகியிருக்கலாம்.

சென்னையிலோ நிலைமை வேறு. மொரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாஸடர், மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியாகி வந்தமையாலும், புதுப்பேட்டைச் சந்துகளில் பழைய பாகங்கள் மலைபோல் கிடப்பதாலும், கார் நின்றவுடன் சந்தேகம் ‘ஏ.சி.’ என்னும் பெட்ரோல் பம்பின்மேல் விழுகிறது. யந்திரத்தின் உடலோடு ஒட்டி அதன் உஷ்ணத்தையும் வாங்கிக்கொள்ளும் அந்தப் பம்பில், சித்திரை வெயிலில் பெட்ரோல் ஆவியாகிவிடுவதுண்டாதலால், ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருப்பது அங்கே சகஜம். அதிலும் தீராவிட்டால், "பம்பை மாத்திடலாம் சார்" என்பார்கள். பாகம் கையெட்டும் தூரத்தில் இருக்கையில் இது நியாயமான யோசனைதான். ஆனால் விட்டுவிட்டு வரும் கோளாற்றில் இதுபோல் ஏமாற்றுவது வேறில்லை. பம்பை மாற்றும் ஒரு மணி நேரத்தில் யந்திரம் ஆறிவிடுகிறது. ஆறிய யந்திரம் இயல்பாகவே ஓடுகிறது. புகழோ புதிய பம்புக்குப் போய்விடுகிறது.

என் மைத்துனரின் அம்பாஸடருக்கு இவ்வாறு இரண்டு பம்புகள் மாறின. மூன்றாவது வாங்கப் புறப்பட்டவரைத் தடுத்து, மண்ணெண்ணெய்க் கால நினைவோடு, ஒரு சிறு தகர டப்பாவில் பெட்ரோல் ஊற்றி, சூடான புகைக்குழாய்க்குத் தூரத்தே பானட்டின் உயரத்தில் கட்டி, குழாய் வழியே கார்புரேட்டருக்கு நேரே இறக்கினோம். தீக்கு அஞ்சி, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, பக்கத்தில் மணல் வாளியோடு நின்றேன். பம்பையும் தாங்கியையும் விலக்கிய அந்நிலையில் யந்திரம் அரைமணி நேரம் சிறிதும் திணறவில்லை. பம்புகள் புதியவை, ஆகையால் குற்றம் அவற்றுக்குப் பின்னே இருந்தது. தாங்கியை இறக்கிக் கவிழ்த்தபோது, நகக்கண்ணளவு துருச்செதில் ஒன்று வெளியே விழுந்தது. ஓடும்போது பெட்ரோலோடு இழுபட்டு உறிஞ்சுகுழாயின் வாயில் ஒட்டிக்கொண்டதும், வண்டி நின்றதும் தானே நழுவி விழுந்து வழிவிட்டதும் அதுவே. மைத்துனர் அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பழைய பம்பு இரண்டையும் கழுவித் துடைக்க உட்கார்ந்தார்.