விளக்கு அணைந்தால் போதுமா?

புளியந்தோப்பு நெடுஞ்சாலைப் பக்கம் மாலை வேளையில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் சிறிது நேரம் நின்று பாருங்கள். மாணவர் ஒருவர் பென் டிரைவை நீட்டுவார். கடைக்காரர் அதைக் கணிப்பொறியில் செருகி, எழுத்துப் பிழையைத் திருத்தி, சேமித்து, அச்செடுப்பார். பிறகு ஒரே இழுப்பு. அடுத்தவருடையது உள்ளே போய்விடும். பாதுகாப்பாகக் கழற்றுவதற்கென்று திரையின் மூலையில் ஒரு சிறு குறி இருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை. கடைக்காரர் மீது இதில் பெரிய குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் குறியை வகுத்தவர்களிடம்தான் கேள்வி கேட்க வேண்டும்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். 1996-ஆம் ஆண்டில் வெளிவந்த யூ.எஸ்.பி. இணைப்பு, கணிப்பொறியை நிறுத்தாமலே செருகவும் கழற்றவும் ஏற்றதாக அமைக்கப்பட்டது. இதை உருவாக்கிய இன்டெல் பொறியாளர்களில் முக்கியமானவர் இந்தியாவில் பிறந்த அஜய் பட். பழைய தட்டைச் செருகியின் உள்ளே உற்று நோக்கினால் நான்கு உலோகப் பட்டைகள் தெரியும். ஓரத்திலுள்ள இரண்டும் சற்று நீளம். நடுவிலுள்ள இரண்டும் குட்டை. ஓரத்தவை மின்சாரத்துக்கு, நடுவிலுள்ளவை செய்திக்கு. ஆகவே செருகும்போது மின்சாரம் முதலில் வருகிறது. கழற்றும்போது கடைசியில் போகிறது. உலோகத்தில் காட்டிய இந்த அக்கறை திரையில் ஏன் இல்லாமற் போயிற்று?

கணிப்பொறியின் நினைவகம் மிக வேகமானது; பென் டிரைவ் மெதுவானது. மெதுவானதற்காக வேகமானது காத்திராமல் இருக்க, எழுத வேண்டியதை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு "முடிந்தது" என்று இயந்திரம் சொல்லிவிடுவதுண்டு. உண்மையான எழுத்து பின்னால் சாவகாசமாக நடக்கும். துறைமுகத்தில் மூட்டைகள் கிடங்குக்கு வந்ததுமே கப்பலில் ஏறிவிட்டதாகக் கணக்கெழுதுவது போன்றது இது. கப்பல் அதற்குள் நங்கூரம் எடுத்துவிட்டால் மூட்டைகளின் கதி என்ன?

மூட்டை மட்டும் போனாலும் பரவாயில்லை. பென் டிரைவ்களில் பெரும்பாலும் காணப்படும் 'ஃபேட்' அமைப்பில் கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்திலும், அதன் துண்டுகள் எங்கெங்கே உள்ளன என்னும் அட்டவணை வேறிடத்திலும் எழுதப்படுகின்றன. அட்டவணை பாதி எழுதப்பட்ட நிலையில் பிடுங்கினால், புதிய கோப்போடு பழைய கோப்புகளும் காணாமற் போகலாம். 'என்.டி.எஃப்.எஸ்.' என்னும் அமைப்பு, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்வதால் அட்டவணையை மீட்டுக்கொள்ளும். எழுதப்படாத உள்ளடக்கத்தை அதுவும் மீட்காது. மாணவரின் ஆய்வேட்டுக்கு அந்த பென் டிரைவிலுள்ளதே ஒரே பிரதியாக இருக்கும்போது இது சிறிய விஷயமா?

பலர் சிறு விளக்கை நம்புகிறார்கள். பல கருவிகளில் அது எழுதும்போது மினுக்கும். ஆனால் விளக்குக்குத் தெரிவது கருவிக்குள் நடப்பது மட்டுமே. கணிப்பொறியின் நினைவகத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. கணிப்பொறிக்கோ தெரியும். லினக்ஸில் அந்த அளவைக் காட்டும் வரியே ஒன்று உண்டு. பயனர் பார்க்கும் இடத்தில் மட்டும் அது இல்லை.

இதைவிட எரிச்சலூட்டுவது, முறையாகக் கழற்ற முயல்பவருக்குக் கிடைக்கும் பதில். கருவி பயன்பாட்டில் உள்ளது, நிரல்களை மூடிவிட்டு மீண்டும் முயலுங்கள் என்கிறது விண்டோஸ். எந்த நிரல்? சொல்லாது. தடுத்த நிரலின் பெயரைத் தன் நிகழ்வுப் பதிவேட்டில் மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும்! அறிந்ததை மறைத்துவிட்டுப் பயனரை ஊகிக்கச் சொல்வது என்ன மரியாதை?

2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், வெளிக் கருவிகளுக்கு "விரைந்து அகற்றல்" என்பதே இயல்பு நிலை. எழுதுவதைத் தேக்கி வைக்காத முறை இது. நல்ல மாற்றந்தான். ஆனால் "இனி எப்படிப் பிடுங்கினாலும் ஒன்றுமில்லை" என்ற வதந்திக்கும் அதுவே வித்தாயிற்று. நகல் நடந்துகொண்டிருக்கையில் பிடுங்கினால் எந்த முறையும் காப்பாற்றாது. அதோடு ஒரே பென் டிரைவ் பல இயந்திரங்களுக்குப் போகிறது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் தரப்பட்டதை நினைவில் கொள்க. எந்த இயந்திரம் தேக்கும், எது தேக்காது என்று மாணவர் எப்படி அறிவார்?

சுழலும் தட்டுள்ள வன்தட்டுக்கு இன்னொரு கவலையும் உண்டு. மின்சாரம் திடீரென அறுந்தால், தட்டின் மிச்சச் சுழற்சியிலிருந்தே ஆற்றல் பெற்று அதன் முனை ஒதுங்கிக்கொள்கிறது. அருமையான ஏற்பாடு, ஆயினும் அவசரகால ஏற்பாடு. தனி மின்சாரம் இல்லாத பழைய பலவழிச் செருகியில் இதை மாட்டுவதும் தவறு. அதன் ஒவ்வொரு வாயும் தருவது 100 மில்லி ஆம்பியர், கணிப்பொறியின் யூ.எஸ்.பி. 2.0 வாய் 500 வரை தரும்.

ஒரு வாயிலிருந்து மற்றொரு வாய்க்கு மாற்றுவதானாலும் கோப்புகளை மூடி, குறியை அழுத்தி, அனுமதி வந்தபின் கழற்றுங்கள். வன்தட்டானால் சுழற்சி நிற்கும்வரை சில விநாடிகள் அசைக்காதீர்கள். அனுமதி வரவே இல்லையென்றால் கணிப்பொறியை நிறுத்திவிட்டுக் கழற்றலாம். வரிசையில் பத்துப் பேர் நிற்கும் கடையில் இத்தனையும் நடக்காது என்பது எனக்கும் தெரியும். "இன்னும் இவ்வளவு பாக்கி" என்று திரையிலேயே ஓர் எண்ணைக் காட்டியிருந்தால் கடைக்காரரே கையை நிறுத்தியிருப்பார்.