ஒளியும் திசையும்: டாக்கா பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலின் கட்டட மொழி

டாக்கா நகரின் உத்தரா பகுதியில், நெருக்கமான குடியிருப்புகளுக்கு இடையே 2012இல் கட்டிமுடிக்கப்பட்ட பைத்துர் ரவூஃப் பள்ளிவாசல், 2016இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருதினைப் பெற்றது. வடிவமைத்தவர் மரீனா தபஸ்ஸும். நிலத்தை வழங்கியவர் அவருடைய பாட்டி. குவிமாடமும் மினாராவும் இல்லாத பள்ளிவாசல் என்ற எதிர்மறை வரையறையாலும், கூரைத் துளைகளின் வழியே தரையில் சிதறும் ஒளிவட்டங்களின் நிழற்படங்களாலுமே இது பெரிதும் அறியப்பட்டுள்ளது. இவையிரண்டும் பார்வையாளரின் வாசிப்புகள். தொழுகையாளரின் வாசிப்பு வேறு.

ஐவேளைத் தொழுகையின் நேரங்களே இதற்குச் சான்று. சுபுஹு கதிரவன் எழுமுன் நிறைவேற்றப்படுவது; மஃரிப் கதிரவன் மறைந்தபின்; இஷா இரவில். எனவே, புகழ்பெற்ற அவ்வொளிவட்டங்கள் லுஹருக்கும் அஸருக்கும் மட்டுமே உரியன. ஒளியையே இக்கட்டடத்தின் சாரமாகக் கொள்ளும் திறனாய்வு, பகலில் வந்து செல்லும் விருந்தினரின் கண்ணை அளவுகோலாக்கிவிடுகிறது.

ஐந்து வேளைகளுக்கும் பொதுவாக நிற்பது திசை. மனையின் அச்சுக்கும் கிப்லாவுக்கும் இடையே 13 பாகை வேறுபாடு இருந்தது. சிக்கல் புதியதன்று. கெய்ரோவின் அல் அக்மர் பள்ளிவாசலில் (1125) முகப்பு தெருவைத் தழுவி நிற்க, உட்புறம் கிப்லாவை நோக்குகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட முரணைச் சுவரின் தடிப்பு விழுங்கிக்கொள்கிறது. தபஸ்ஸும் அதனை மறைக்கவில்லை. மனையோடு இயைந்த புறச் சதுரத்தினுள் ஓர் உருளையை வைத்து, அவ்வுருளையினுள் தொழுகைக் கூடத்தைக் கிப்லா நோக்கித் திருப்பியுள்ளார். வட்டத்திற்கு முன்பின் இல்லை என்பதே இத்தீர்வின் நுட்பம். கூடத்திற்கும் உருளைக்கும் இடையே நாற்புறமும் எஞ்சிய பகுதிகள் ஒளிமுற்றங்களாயின. ஆக, பக்கங்களிலிருந்து கூடத்துக்குள் வரும் ஒளி, திசையைத் தேடியதன் விளைவு. கிப்லாச் சுவரிலும் அலங்கார மாடம் இல்லை. ஒடுங்கிய செங்குத்துப் பிளவு ஒன்றே திசையை உணர்த்துகிறது.

இதனை மரபை உதறிய நவீனம் எனக் கூறுவதும் பொருந்தாது. வங்காளச் சுல்தான்கள் காலப் பள்ளிவாசல்களின் உரம் சுட்ட செங்கல்லில் இருந்தது. பாகர்ஹாட்டின் அறுபது குவிமாடப் பள்ளிவாசலைக் கண்டவர்கள் இதனை அறிவர். அங்கிருந்து குவிமாடத்தை விடுத்து, செங்கல்லையும் காற்று நுழையும் சுவரையும் தபஸ்ஸும் எடுத்துக்கொண்டார். மினாரா இன்மையைப் பேசுவோர் பெரும்பாலும் கடந்துசெல்வது உயர்ந்த அடித்தளத்தை. வெள்ளநீரைத் தடுக்கவும் தெருவிலிருந்து தொழுமிடத்தைப் பிரிக்கவும் எழுப்பப்பட்ட அத்திண்ணையில் சிறுவர்கள் விளையாடுகின்றனர். முதியோர் பாங்கொலிக்குக் காத்தபடி உரையாடுகின்றனர்.